எது ஒரு எழுத்து? எகிப்தியச் சித்திர எழுத்து யூனிகோடுக்கு வந்த வழி

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ரொசெட்டா கல்லில் நீள்வட்ட வளையம் ஒன்றுக்குள் தாலமி மன்னனின் பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது. வளையத்துக்குள் முதலில் ஒரு சிறு சதுரம், அதற்கு நேர் கீழே ஓர் அரைவட்டம். சதுரத்துக்கு ‘ப்’ என்றும் அரைவட்டத்துக்கு ‘த்’ என்றும் ஒலி. அடுத்து ஒரு சுருக்குக் கயிறு. பிறகு படுத்திருக்கும் ஒரு சிங்கம், அதன் அடியில் ‘ம்’ ஒலிக்கான நீண்ட குறி. அப்புறம் இரண்டு நாணல்கள், கடைசியில் மடித்துத் தொங்கவிட்ட ஒரு துணி. 1822-ல் பிரெஞ்சு அறிஞர் சாம்போலியோன் இந்த எழுத்தின் பூட்டைத் திறந்ததற்கு இதுபோன்ற மன்னர் பெயர்களே சாவி.

இந்தப் பெயரைப் படமாக ஒட்டாமல், நாம் ‘மதுரை’ என்று தட்டுவதுபோல எழுத்தாகவே கணினியில் எழுத முடியுமா? உலக எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான எண்களைத் தரும் கணினித் தரமான யூனிகோடில் 2009 அக்டோபர் வரை அதற்கு வழியில்லை. அந்த மாதம் வெளிவந்த யூனிகோடு 5.2 பதிப்பில் 1,071 எகிப்தியக் குறிகளுக்கு எண்கள் கிடைத்தன. உட்கார்ந்திருக்கும் மனிதனுக்குப் பதினாறடிமான முறையில் 13000 என்ற எண், அடுத்தடுத்த குறிகளுக்கு அடுத்தடுத்த எண்கள். செய்தி படித்த பலரும் வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். உண்மையில் சுலபமான பாதிதான் அப்போது முடிந்திருந்தது. அன்று கணினிக்குள் போனது ஓர் அச்சகத்தின் அச்செழுத்துப் பெட்டி. எகிப்தியர்கள் கல்லிலும் பாப்பிரஸ் தாளிலும் எழுதிய விதம் உள்ளே வர இன்னும் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

அச்செழுத்துப் பெட்டி என்பதை நேர்ப்பொருளிலேயே சொல்கிறேன். ஆலன் கார்டினர் என்ற ஆங்கிலேய அறிஞர் 1927-ல் எகிப்திய இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். இன்றைக்கும் மாணவர்கள் அதைப் புரட்டாமல் இந்தத் துறைக்குள் நுழைவதில்லை. அந்த நூலை அச்சிடத் தரமான எழுத்துகள் வேண்டும் என்று தன் சொந்தச் செலவில் ஓர் அச்செழுத்துத் தொகுதியையே அவர் வார்க்கச் செய்தார். தீப்ஸ் நகரக் கல்லறைச் சுவர்களில் இருந்த பதினெட்டாம் வம்சக் காலத்து வடிவங்களை நார்மன், நீனா டேவிஸ் தம்பதி வரைந்து கொடுத்தார்கள். ஆக்ஸ்போர்டு அச்சகம் அதைப் பயன்படுத்தியது. நூலின் பின்பகுதியில் கார்டினர் கொடுத்த குறிப்பட்டியல் 26 பிரிவுகள் கொண்டது. ஆண்கள், பெண்கள், கடவுளர், உடலுறுப்புகள், விலங்குகள், பறவைகள், மீன்கள், செடிகொடிகள், கட்டடங்கள், கப்பல்கள், பாத்திரங்கள் என்று போய், என்ன பொருளின் படம் என்றே உறுதியாகச் சொல்ல முடியாத குறிகளோடு முடியும். தாலமியின் பெயரில் சிங்கத்துக்கு அடியில் வருகிற ‘ம்’ அந்தக் கடைசிப் பிரிவைச் சேர்ந்தது. ஒவ்வொரு குறிக்கும் பிரிவின் எழுத்தும் ஒரு வரிசை எண்ணும் பெயராயின. எகிப்தியலாளர்கள் ஆந்தையை ‘ஜி 17’ என்றும் வாயை ‘டி 21’ என்றும் இன்றும் அழைப்பது அதனால்தான்.

2009-ல் யூனிகோடு எடுத்துக்கொண்டது பெரும்பாலும் இந்தப் பட்டியலையும், கார்டினர் பின்னர் வெளியிட்ட அச்செழுத்துச் சேர்க்கைகளையும்தான். முன்மொழிந்தவர்கள் மைக்கேல் எவர்சன், பாப் ரிச்மண்ட். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லோரும் ஒப்புக்கொள்கிற பட்டியல் அது ஒன்றுதான் இருந்தது. எங்காவது தொடங்கித்தானே ஆக வேண்டும்? ஆனால் அது எகிப்திய மொழியின் ஒரு காலகட்டமான மத்திய எகிப்தியத்தைப் படிக்கிற மாணவனுக்காகத் தொகுத்த பட்டியல். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் புழங்கிய ஓர் எழுத்து முறைக்கு அந்தச் சட்டை சின்னது.

கணினியில் எகிப்திய எழுத்தை எழுதும் வழக்கம் யூனிகோடுக்கு முன்பே இருந்தது. 1980-களில் ஐரோப்பிய எகிப்தியலாளர்கள் கூடிப் பேசி ஒரு குறிமுறையை உருவாக்கினார்கள், 1988-ல் அது நூலாக வந்தது. ‘குறியாக்கக் கையேடு’ என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் அதற்கு. அன்றைய கணினியில் லத்தீன் எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் மட்டுமே இருந்ததால் அவற்றையே கருவியாக்கிக்கொண்டார்கள். ஒரு குறிக்கு அதன் ஒலியை அல்லது கார்டினர் எண்ணை எழுத வேண்டும். ஒன்றின் கீழ் ஒன்று வர வேண்டுமானால் இடையில் முக்காற்புள்ளி, பக்கத்தில் பக்கத்தில் வர நட்சத்திரக்குறி, அடுத்த தொகுதிக்குப் போக இடைக்கோடு. மன்னர் பெயரின் வளையத்துக்குக் கோண அடைப்பு. எளிமையான, அழகான ஏற்பாடு. செர்ஜ் ரோஸ்மோர்டுக் எழுதிய ஜேசெஷ் என்ற இலவச மென்பொருளில் இந்த முறையில்தான் இன்றும் பலர் எழுதுகிறார்கள்.

குறை என்னவென்றால், இந்த முறைக்கு ஒவ்வொரு மென்பொருளிலும் ஒரு கிளைமொழி முளைத்தது. ஒன்றில் எழுதிய கோப்பை இன்னொன்றில் திறந்தால் சில இடங்களில் கோணலாகும். தமிழில் 1990-களை நினைத்துப் பார்த்தால் புரியும். ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். ஒருவர் அனுப்பிய கடிதத்தைப் படிக்க அவருடைய எழுத்துருவையும் சேர்த்து வாங்கிப் போட வேண்டிய காலம் அது. எகிப்தியலாளர்களின் நிலைமை அதைவிட ஒரு படி மோசம். மென்பொருளுக்கு வெளியே, வலைப்பக்கத்திலோ தரவுத்தளத்திலோ, அவர்களின் எழுத்து படமாக மட்டுமே இருக்க முடிந்தது. படத்துக்குள் தேட முடியாது.

இனி, எண் கொடுப்பதில் உள்ள உண்மையான சிக்கலுக்கு வருவோம்.

யூனிகோடின் அடிப்படை விதி, எண் எழுத்துக்கு, வடிவத்துக்கு அல்ல என்பது. தமிழில் நாம் இதை வாழ்ந்து பார்த்திருக்கிறோம். 1978-க்கு முன் ‘லை’, ‘ணை’ போன்றவற்றைத் தும்பிக்கை போட்டு எழுதினோம். தமிழக அரசின் சீர்திருத்தத்துக்குப் பிறகு எழுதும் வடிவம் மாறியது, எழுத்து மாறவில்லை. ஆகவே கணினியில் இரண்டுக்கும் ஒரே குறியெண்கள்தான். பழைய வடிவம் வேண்டுமானால் அதற்கேற்ற எழுத்துருவைப் போட்டுக்கொள்ளலாம். இதை நாம் இத்தனை நிச்சயமாகச் சொல்ல முடிவது நமக்குத் தமிழ் தெரியும் என்பதால்.

எகிப்திய எழுத்தில் அந்த நிச்சயம் எளிதில் கிடைப்பதில்லை. இரண்டு பறவைகள் இருக்கின்றன. ஒன்று கழுகினம், மற்றொன்று வல்லூறு. உச்சந்தலையின் வளைவைத் தவிர இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. எகிப்திய எழுத்தர்களே சில நேரம் குழம்பினார்கள். ஆனால் அவை வேறு வேறு ஒலி கொண்ட இரண்டு எழுத்துகள். இதற்கு நேர்மாறாக, காடைக்குஞ்சும் சுருள் கோடும் பார்வைக்கு ஒட்டு உறவில்லாதவை, ஆனால் இரண்டுக்கும் ஒரே ‘வ்’ ஒலி, ஒன்று இருக்கிற இடத்தில் மற்றொன்று வரும். வடிவத்தைப் பார்த்து முடிவு செய்தால் முதல் வகையில் தவறுவோம், ஒலியைப் பார்த்தால் இரண்டாவதில். கையில் தடி பிடித்த மனிதனும் சற்று நீளமான தடி பிடித்த மனிதனும் ஒரே எழுத்தா, இரண்டா? குறிக்குக் குறி கல்வெட்டுகளைத் தேடிப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மேல் எகிப்தின் எஸ்னா கோயிலைக் காட்டலாம். கிரேக்க, ரோமானிய ஆட்சிக் காலத்தில் கோயில் குருமார்கள் எழுத்தை ஒரு வித்தையாகவே வளர்த்தார்கள். சில நூறு குறிகளாக இருந்தவை ஆயிரக்கணக்கில் பெருகின. எஸ்னாவில் குனூம் கடவுளுக்கு இரண்டு துதிகள் உண்டு. ஒன்று ஏறக்குறைய முழுக்கச் செம்மறியாட்டுக் கடாக்களால் எழுதப்பட்டது, இன்னொன்று முதலைகளால். வரிசை வரிசையாக முதலைகள். இதை ஒரு கணினிப் பட்டியலில் சேர்க்கும்போது ‘முதலை’ என்று ஒரே எண்ணைக் கொடுத்தால் துதியே மறைந்துபோகும். ஒவ்வொரு முதலைக்கும் தனி எண் கொடுத்தால் எழுத்துப் பட்டியல் ஓவியத் தொகுப்பாகிவிடும். பிற்காலக் குறிகளைச் சேர்க்க முனைந்தவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்க வேண்டியிருந்தது.

தவறினால் திருத்திக்கொள்ளலாம் என்றும் இருந்துவிட முடியாது. யூனிகோடில் ஒரு முறை சேர்த்த எழுத்தை நீக்குவதில்லை, இடம் மாற்றுவதில்லை, பெயர்கூட மாற்றுவதில்லை. உலகமெங்கும் அதை நம்பி எழுதிய ஆவணங்கள் கெடக்கூடாது என்பதற்கான உறுதிமொழி அது. ஜப்பானியர்களுக்கு இதில் கசப்பான அனுபவம் உண்டு. 1978-ல் அவர்கள் வெளியிட்ட கணினி எழுத்துத் தரத்தில், எந்த நூலிலும் இல்லாத சில காஞ்சி எழுத்துகள் (ஜப்பானிய மொழியில் வழங்கும் சீன எழுத்துகள்) நுழைந்துவிட்டன. அவற்றில் ஒன்று, இரண்டு துண்டுத் தாள்களை ஒட்டி நகலெடுத்தபோது விளிம்பின் நிழல் விழுந்து, அதை ஒரு கோடு என்று யாரோ எடுத்துக்கொண்டதால் பிறந்தது. அந்த ஆவி எழுத்துகள் இன்றும் யூனிகோடில் இருக்கின்றன, நம் ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் இருக்கலாம். எகிப்திய அச்சுப் பட்டியல்களிலும் இந்த ஆபத்து உண்டு. சிதைந்த கல்வெட்டை ஒருவர் தவறாக வரைந்தால் போதும். அடுத்த பட்டியல்காரர் முந்தைய பட்டியலைப் பார்த்தே எழுதினால், கல்லில் ஒருபோதும் இல்லாத குறி தாளில் நிரந்தரமாகிவிடும்.

சிந்துவெளிக் குறிகள் யூனிகோடில் ஏன் இல்லை என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. விடை இங்கேதான் இருக்கிறது. ஐராவதம் மகாதேவன் 1977-ல் தொகுத்த பட்டியலில் 417 குறிகள். அஸ்கோ பர்ப்போலாவின் பட்டியலில் 386. இருவரும் கடுமையாக உழைத்தவர்கள், ஏறக்குறைய ஒரே முத்திரைகளைப் பார்த்தவர்கள். ஒருவர் இரண்டு குறி என்று கண்டதை மற்றவர் ஒரே குறியின் இரண்டு கைவண்ணம் என்று கண்டார். வாசிக்கத் தெரியாதவரை யார் சரி என்று சொல்லும் நடுவர் இல்லை. எகிப்திய எழுத்துக்கு அந்த நடுவர் இருக்கிறார். இரண்டு நூற்றாண்டுகளாகப் படிக்கப்பட்ட பனுவல்கள்தான் அவர்.

இனி இரண்டாவது சிக்கல். தாலமியின் பெயரில் அரைவட்டம் சதுரத்துக்கு அடியில் இருக்கிறது, பக்கத்தில் இல்லை. எகிப்தியர்கள் குறிகளை மணிகளாகக் கோத்து எழுதவில்லை. கண்ணுக்குத் தெரியாத சதுரக் கட்டங்களைக் கற்பனை செய்துகொண்டு, ஒவ்வொரு கட்டத்தையும் வெற்றிடம் விழாமல் நிரப்பினார்கள். தட்டையான குறி மேலும் கீழும் அடுக்கப்படும். சிறியவை மூலையில் செருகப்படும், பறவையின் மார்புக்கு முன்னால் ஓர் இடைவெளி இருந்தால் அதில் ரொட்டியைக் குறிக்கும் அரைவட்டம் போய் உட்காரும். 2009 ஏற்பாட்டில் இதற்கு வழியில்லை. அடுக்குவது தனி மென்பொருளின் வேலை, எழுத்துக் குறியாக்கத்தின் வேலை இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆகவே 2009-க்குப் பின்னும் தாலமியின் சதுரமும் அரைவட்டமும் கயிறும் சிங்கமும் ரயில் பெட்டிகள்போல வரிசையில் நின்றன. எகிப்தியலாளர்கள் இதைக் கண்டுகொள்ளாமல் தங்கள் பழைய முறையிலேயே தொடர்ந்ததில் வியப்பில்லை.

மாற்றம் 2019 மார்ச்சில் வந்தது. யூனிகோடு 12.0-ல் கண்ணுக்குத் தெரியாத ஒன்பது கட்டுப்பாட்டுக் குறிகள் சேர்ந்தன. மேலும் கீழும் இணைக்க ஒன்று, பக்கவாட்டில் இணைக்க ஒன்று, நான்கு மூலைகளில் செருக நான்கு, ஒன்றன்மேல் ஒன்று ஏற்ற ஒன்று, ஒரு கொத்தைத் தொடங்கவும் முடிக்கவும் இரண்டு. கணினி அறிவியலாளர் மார்க் யான் நேடர்ஹோஃபும் எகிப்தியலாளர்கள் சிலரும் சேர்ந்து வைத்த விரிவான முன்மொழிவு இதில் பெரும்பங்கு வகித்தது. அந்த முன்மொழிவில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் வினோத் ராஜன், அக்ஷரமுகா எழுத்துமாற்றிக் கருவி வழியாகத் தமிழ்க் கணிமை உலகம் நன்றாக அறிந்தவர். அதே 12.0 பதிப்பில்தான் முந்திரி முதலான தமிழ்ப் பின்னக் குறிகளும் பழைய அளவைக் குறிகளும் யூனிகோடுக்குள் வந்தன என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன், எனக்கு அது மகிழ்ச்சி தந்த தற்செயல்.

கட்டுப்பாட்டுக் குறி வேலை செய்கிற விதம் நமக்குப் புதிதல்ல. ‘கெ’ என்று திரையில் பார்க்கும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. நினைவகத்திலோ முதலில் ‘க’, பிறகுதான் கொம்பு. சேமிப்பது ஒரு வரிசை, வரைவது வேறோர் அமைப்பு. இரண்டுக்கும் நடுவில் எழுத்துருவின் விதிகள் நின்று வேலை செய்கின்றன. எகிப்திய எழுத்திலும் அதேதான். சதுரம், மேல்கீழ் இணைப்பான், அரைவட்டம் என்று மூன்று எண்கள் சேமிக்கப்படும். எழுத்துரு அதைப் படித்து இரண்டையும் சுருக்கி ஒரே கட்டத்தில் அடுக்கும். ஆனால் தமிழ்க் கொம்புக்கு இரண்டு மூன்று விதிகள் போதும். இங்கே ஆயிரக்கணக்கான குறிகள், ஒவ்வொன்றுக்கும் தன் உயரம், அகலம், கொத்துக்குள் கொத்து. எந்தக் குறி எவ்வளவு சுருங்க வேண்டும் என்பதை எழுத்துருவுக்குள்ளேயே கணக்கிட வைப்பது பொறியியல் சாதனை என்றே சொல்ல வேண்டும்.

2022 செப்டம்பரில் வந்த 15.0 பதிப்பு இன்னும் 29 கட்டுப்பாட்டுக் குறிகளைச் சேர்த்தது. மன்னர் பெயரின் வளையத்தைத் திறந்து மூட, குறியைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்ப என்று பல. என்னை அதிகம் தொட்டவை சிதைவுக்கான குறிகள். கல்வெட்டுப் படிப்பவர்களுக்குத் தெரியும், முழுதாகக் கிடைக்கும் வரியைவிட உடைந்த வரிதான் அதிகம். பதிப்பாசிரியர் எதைக் கண்ணால் கண்டார், எதை ஊகித்தார் என்று காட்டாத பதிப்பை நம்ப முடியாது. இதற்காக ஒரு குறியை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்தார்கள். மேல் இடது, மேல் வலது, கீழ் இடது, கீழ் வலது. ஒவ்வொரு கால்பகுதியும் சிதைந்திருக்கலாம், சிதையாமல் இருக்கலாம். மொத்தம் பதினாறு நிலைகள். ஒன்றுமே சிதையாத நிலைக்குக் குறி தேவையில்லை, மீதி பதினைந்துக்கும் தனித்தனி எண். இவை போக, குறி இருந்த இடம் தெரிகிறது, குறி என்னவென்று தெரியவில்லை என்ற நிலைக்கும் நான்கு எண்கள் ஒதுக்கப்பட்டன: முழு அளவு, பாதி அளவு, உயரமான இடம், அகலமான இடம். இல்லாத எழுத்து எவ்வளவு இடம் பிடித்திருந்தது என்பதைக்கூடப் பதிவு செய்யலாம்.

பட்டியலை விரிக்கும் வேலையும் இணையாக நடந்துகொண்டிருந்தது. மிஷேல் சுயினார் முன்னின்று, எகிப்தியலாளர்களின் துணையோடு பழைய பட்டியல்களைச் சலித்தார். 2024 செப்டம்பரில் வெளிவந்த யூனிகோடு 16.0-ல் 3,995 எகிப்தியக் குறிகள் புதிதாகச் சேர்ந்தன. அந்தப் பதிப்பில் உலகத்தின் எல்லா எழுத்துகளுக்குமாகச் சேர்ந்தவை 5,185, அதில் முக்கால் பங்குக்கு மேல் எகிப்துக்கே போயிற்று. பழையவற்றோடு சேர்த்தால் ஐயாயிரத்தைத் தாண்டுகிறது.

எண்ணிக்கையைவிட முக்கியமானது உடன் வந்த தரவுக் கோப்பு. சீன எழுத்துகளுக்கு இருப்பதைப் போன்றது, யூனிகெமெட் என்று பெயர். கெமெட் என்பது எகிப்தியர்கள் தங்கள் மண்ணுக்கு இட்ட பெயர், கரிய நிலம் என்று பொருள். ஒவ்வொரு குறியும் எதைச் சித்தரிக்கிறது, என்ன ஒலி, எந்தப் பழைய பட்டியலில் என்ன எண் என்ற விவரங்கள் அதில் இருக்கின்றன. அடிப்படைத் தொகுதியைச் சேர்ந்தவை எவை, பழைய வழக்கத்துக்காக மட்டும் வைத்திருப்பவை எவை என்றும் குறித்திருக்கிறார்கள். நீக்க முடியாத தவறுகளோடு வாழ இதைவிட நேர்மையான வழி எனக்குத் தோன்றவில்லை. எழுத்து இருக்கும், ஆனால் அதை நம்ப வேண்டாம் என்ற குறிப்பும் கூடவே இருக்கும். 2009-ல் இப்படி ஒரு கோப்பு கூடவே வந்திருந்தால் பின்னால் பல வாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

மற்றப் பழைய சித்திர எழுத்துகளின் நிலை பலவிதம். அனதோலியச் சித்திர எழுத்து 2015-ல் நுழைந்துவிட்டது. மாயா எழுத்து இன்னும் வெளியே நிற்கிறது. அங்கே ஒரு கட்டத்துக்குள் குறிகள் ஒன்றை ஒன்று விழுங்கி உருமாறி நிற்பதால் அடுக்கும் சிக்கல் எகிப்தைவிடக் கடுமை.

இத்தனைக்கும் பிறகு, இன்று உங்கள் கைப்பேசியில் என்ன தெரியும்? 2009-ன் குறிகள் பெரும்பாலும் தெரியும், கூகுளின் நோட்டோ எழுத்துருவும் விண்டோஸின் பழமையெழுத்து எழுத்துருவும் அவற்றைக் கொண்டிருக்கின்றன. 2024-ன் குறிகள் பல கருவிகளில் வெற்றுப் பெட்டிகளாகவே வரும். அடுக்குவதற்கு அதற்கென்று செய்த எழுத்துரு வேண்டும். ஆகவே கட்டுரை எழுதும் எகிப்தியலாளர் பலர் அச்சுக்கு இன்னும் ஜேசெஷைத்தான் நம்புகிறார்கள். ஆனால் பெர்லினில் பேணப்படும் எகிப்தியச் சொற்களஞ்சியம் போன்ற பெருந்தரவுகளுக்கு யூனிகோடு வேறொரு கதவைத் திறக்கிறது. ஒரு சொல்லை ஒலிபெயர்ப்பில் தேடுவதோடு நில்லாமல், எழுத்தர் எந்தக் குறிகளைத் தேர்ந்தார், எப்படி அடுக்கினார் என்றே தேட முடியும். எந்த நூற்றாண்டில் காடைக்குஞ்சை விட்டுச் சுருள் கோட்டுக்கு மாறினார்கள் என்பதுபோன்ற கேள்விகளைப் படங்களிடம் கேட்க முடியாது.

தாலமிக்கே திரும்பினால், அவன் பெயர் இப்போது எட்டுக் குறிகள், இரண்டு மேல்கீழ் இணைப்பான்கள், வளையத்தைத் திறந்து மூடும் குறிகள். அதை ஒரு பக்கத்திலிருந்து நகலெடுத்து இன்னொரு பக்கத்தில் ஒட்டலாம். ஒட்டிய இடத்தில் எழுத்துரு பழையதாக இருந்தால் சிங்கமும் அதன் அடியில் இருக்க வேண்டிய ‘ம்’-மும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், வளையம் உடைந்து கிடக்கும். அதே வரியை நல்ல எழுத்துரு உள்ள கணினிக்கு அனுப்பினால் ‘ம்’ மறுபடி சிங்கத்துக்கு அடியில் போய்விடும்.